பொங்கல் பதினான்கா, பதினைந்தா?

பெங்களூரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் நாட்காட்டி ஒன்றோடு நிற்பதில்லை. கூடத்துச் சுவரில் ஊரிலிருந்து வந்த தினசரித் தாள் நாட்காட்டி தொங்கும். சமையலறையில் மளிகைக் கடைக்காரர் தந்த கன்னட மாத நாட்காட்டி இருக்கும். பூசை மாடத்தில் பஞ்சாங்கம் இருக்கும். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்படும்போதுதான் வீட்டில் பேச்சு எழுகின்றது. பொங்கல் இவ்வாண்டு பதினான்காம் நாளா, பதினைந்தாம் நாளா? யுகாதி சென்ற ஆண்டு ஏப்ரலில் வந்ததே, இவ்வாண்டு மார்ச்சில் வருவானேன்? அப்பாவின் திதி நமக்கு ஒரு நாள், ஊரில் அண்ணனுக்கு ஒரு நாள் என்று வந்தால் எது சரி?

முதலிரண்டு கேள்விகளும் அறிவு பற்றியவை. மூன்றாவது அப்படியன்று. நாமறிந்த ஒரு குடும்பத்தில் தமையனார் ஊரில் ஒரு நாளிலும், தம்பி இங்கே மறுநாளிலும் தகப்பனார் திதியைக் கொடுத்து, 'நீ தப்பு நாளில் செய்தாய்' என்று தொடங்கிய சொல் ஓராண்டுக் காலம் இருவரையும் பேசாமல் வைத்திருந்தது. இருவரும் தவறு செய்யவில்லை என்பதே இதில் வருந்தத்தக்கது. நாட்கணக்கு எவ்வாறு நடைபெறுகின்றது என்பதனைச் சிறிது அறிந்திருந்தால் இத்தகைய மனத்தாங்கல்கள் நேரா. ஆதலின் அன்பர்கள் சற்றுப் பொறுமையுடன் எம்முடன் கணக்குப் போடல் வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு மேல் நமக்கும் தெரியாது. அதற்குமேல் தேவையும் இல்லை.

பருவங்கள் ஒரு சுற்றுச் சுற்றி மீள்வதற்கு ஆகும் காலம் 365 நாள், 5 மணி, 48 நிமிடம், ஏறத்தாழ 45 வினாடி. தொல்லை முழுவதும் அந்த ஐந்தே முக்கால் மணிச் சொச்சத்தில் இருக்கின்றது. அதனை விட்டுவிட்டால் நான்கு ஆண்டில் ஒரு நாள் பின்தங்குவோம். நூறாண்டில் ஏறக்குறைய ஒரு மாதம் தவறிப் போகும். ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் கி.மு. 45 முதல் நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் கூட்டும் முறையை நடத்தினார். அவர் இறந்தபின் ரோமாபுரிக் குருமார் 'நான்காம் ஆண்டு' என்பதைத் தவறாக எண்ணி, மூன்றாண்டுக்கு ஒரு முறை கூட்டிக்கொண்டே போயினர். பின்னர் அகஸ்டஸ் மன்னர் சில லீப் ஆண்டுகளை நிறுத்திவைத்து அதைச் சரிசெய்ய நேர்ந்தது. விதியை எழுதிவைப்பது ஒன்று, அதைப் படித்து நடப்பது மற்றொன்று என்பதை அலுவலகத்தில் வேலை செய்வோர் நன்கறிவர்.

சீசரின் விதியிலும் ஆண்டுக்கு 11 நிமிடம் மிகை இருந்தது. 128 ஆண்டுக்கு ஒரு நாளாக அது வளர்ந்து பதினாறாம் நூற்றாண்டில் பத்து நாளாயிற்று. 1582-ஆம் ஆண்டு போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரியார் அக்டோபர் 4-க்கு மறுநாளை அக்டோபர் 15 என்று கொள்ளச் செய்தார். நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டாலன்றி லீப் ஆண்டு ஆகாது என்பதும் அப்போது ஏற்பட்ட விதியே. அதனால் 1900-இல் பிப்ரவரிக்கு 28 நாள், 2000-இல் 29, இனி 2100-இல் 28. நம் வீட்டுக் குழந்தைகளுள் நீண்ட ஆயுள் உடையோர் அந்த விந்தையைக் காண்பர். ஆங்கிலேயர் இத்திருத்தத்தை 1752-இல்தான் ஏற்றனர். செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 என்றாயிற்று. அச்சட்டம் அவர்தம் ஆசிய உடைமைகளுக்கும் உரியதாகையால், சென்னைக் கோட்டைக் கணக்குகளும் அதற்கு உட்பட்டவையே. கோட்டைக்கு வெளியே இருந்த நம் முன்னோருக்கு அதனால் ஒரு நாழிகைகூடக் குறையவில்லை. அவர்களுடைய ஆவணித் திங்கள் எப்போதும்போல் நடந்தது.

அது எவ்வாறு நடந்தது என்பதே நாம் சொல்ல வந்த பொருள். தமிழ் ஆண்டில் லீப் ஆண்டு விதி என்று ஒன்று இல்லை. எத்தனை ஆண்டுக்கு ஒரு நாள் கூட்டுவது என்று எவரும் தீர்மானிக்கவில்லை. கதிரவன் ஓர் இராசியினின்று அடுத்த இராசிக்குள் புகும் நேரமே திங்களின் தொடக்கம். சூரியன் மறைவதற்கு முன் அந்நேரம் நேர்ந்தால் அன்றே மாதப் பிறப்பு. மறைந்தபின் நேர்ந்தால் மறுநாள் மாதப் பிறப்பு. இது தமிழ்நாட்டு வழக்கு. வங்காளத்தில் நள்ளிரவை எல்லையாகக் கொள்வர். மலையாள நாட்டில் பகலை ஐந்தாகப் பகுத்து மூன்றாம் பகுதியின் முடிவை எல்லையாகக் கொள்வர். ஒரே சூரியன், ஒரே நேரம். எல்லைக்கோடு மட்டும் வேறு.

இதனால்தான் நம் திங்கள்கள் 29 நாள் முதல் 32 நாள் வரை வேறுபடுகின்றன. மார்கழி 29 நாளில் முடிவதும், ஆனி 32 நாள் நீள்வதும் பஞ்சாங்கக்காரரின் விருப்பத்தால் அல்ல. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்து விரைந்து செல்கின்றது. ஜூலைத் தொடக்கத்தில் தொலைவில் நின்று மெல்லச் செல்கின்றது. அந்த விரைவும் மெதுவும் நம் திங்கள்களில் பதிந்திருக்கின்றன. ஆங்கில மாதங்களில் அத்தகைய காரணம் எதுவும் இல்லை. பிப்ரவரிக்கு 28 என்பதற்கு வானத்தில் சான்று தேடினால் கிடைக்காது.

இப்போது பொங்கலுக்கு வருவோம். வாக்கியப் பஞ்சாங்கம் கொள்ளும் ஆண்டின் அளவு, ஆரியபடர் கணக்குப்படி, 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. (இங்கே விநாடி என்பது நாழிகையில் அறுபதில் ஒன்று, கடிகார வினாடி அன்று.) சொச்சத்தை மட்டும் மணியாக்கினால் 6 மணி 12½ நிமிடம். எனவே மகரத்தில் சூரியன் புகும் நேரம் ஒவ்வோர் ஆண்டும் ஆறு மணிக்குமேல் பிந்திக்கொண்டே போகும். ஓர் ஆண்டு காலையில், அடுத்த ஆண்டு பிற்பகலில், அதற்கடுத்த ஆண்டு இரவில், பின்னர் விடியுமுன். முதலிரண்டு ஆண்டில் பொங்கல் பதினான்கு, அடுத்த இரண்டில் பதினைந்து. அதற்குள் பிப்ரவரி 29 ஒன்று இடையில் வந்து ஆங்கிலத் தேதியை ஒரு நாள் தள்ளிவிடுவதால் பொங்கல் மீண்டும் பதினான்குக்குத் திரும்புகின்றது. 2021, 2022-இல் ஜனவரி 14. 2023, 2024-இல் ஜனவரி 15. 2024 பிப்ரவரியில் மிகுநாள் வந்தது. 2025-இல் மீண்டும் ஜனவரி 14. தைத் திங்கள் தன் வழியே நேராகத்தான் செல்கின்றது. முன்னும் பின்னும் ஆடுவது ஆங்கில நாட்காட்டியே!

ஆனால் இப்பெருமிதத்தோடு நின்றுவிடுவது நேர்மையாகாது. மேற்சொன்ன இரண்டு அளவுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பருவத்தின் ஆண்டு 5 மணி 48¾ நிமிடச் சொச்சம்; நமது ஆண்டு 6 மணி 12½ நிமிடச் சொச்சம். வேறுபாடு ஏறக்குறைய 24 நிமிடம். ஒரு நாழிகை! ஆண்டுக்கு ஒரு நாழிகையாக, பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டு ஒரு சுற்று முடியுங்கால், தமிழ் ஆண்டு பருவத்தைவிட ஏறத்தாழ ஒரு நாள் பிந்திவிடுகின்றது. கிரகோரியார் விதி நானூறு ஆண்டில் 97 நாள் கூட்டுகின்றது. நம் கணக்கு அதே காலத்தில் 103 நாளுக்கு மேல் கூட்டுகின்றது. கண்கூடான சான்றும் உண்டு. சுவாமி விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தித் திருநாளில். அந்த நாள் 1863 ஜனவரி 12. இன்று அத்திருநாள் 14 அல்லது 15. இவ்விகிதத்தில் ஆயிரம் ஆண்டில் 16 நாள் நகரும்.

இதற்குக் காரணம் இரண்டு. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலைசுற்றி, சுமார் 25,800 ஆண்டில் ஒரு வட்டம் முடிக்கின்றது. அதனால் விண்மீன்களைக் கொண்டு அளக்கும் ஆண்டு, பருவத்தைக் கொண்டு அளக்கும் ஆண்டைவிட 20 நிமிடம் நீளம். நம் முன்னோர் விண்மீன்களைத் துணைக்கொண்டனர்; ஆகவே இந்த 20 நிமிடத்தைப் பிழை என்று சொல்லலாகாது. எஞ்சிய மூன்று நிமிடச் சொச்சம் பழைய அளவீட்டில் நேர்ந்த மிகை. கண்ணும் கோலும் நிழலும் கொண்டு ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன் அளந்தவர்கள் ஆண்டுக்கு மூன்று நிமிடமே தவறினர் என்பதை நினைக்கும்போது குறை கூற நாவெழவில்லை. எனினும் விளைவு விளைவுதான். சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21, 22-இல். தை முதல் நாள் அதற்கு 24 நாள் கழித்து வருகின்றது. பொங்கலன்று குழந்தைகளிடம் 'இன்றுதான் சூரியன் வடக்கே திரும்புகிறான்' என்று நாம் சொல்வது ஒரு காலத்தில் மெய்யாயிருந்தது. மேட முதலும் சம பகலிரவு நாளும் ஒன்றாயிருந்தது கி.பி. 285-ஐ ஒட்டி என்பர்.

பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தார் கணக்கு வேறு. அவர்களுக்கு மாதம் திங்களைப் பற்றியது. பன்னிரண்டு சந்திர மாதம் 354 நாளே ஆதலால், ஆண்டுதோறும் பதினொரு நாள் முன்னேறி, அது ஒரு மாதமளவு சேர்ந்ததும் அதிக மாதம் ஒன்றைச் செருகி நேராக்குவர். 2023-இல் யுகாதி மார்ச் 22. அவ்வாண்டு அதிக சிராவணம் வந்தது. 2024-இல் யுகாதி ஏப்ரல் 9-க்குப் போயிற்று. லீப் ஆண்டு நாளைக் கூட்டுகிறது, அவர்கள் மாதத்தையே கூட்டுகிறார்கள், அவ்வளவே. நம் தீபாவளியும் திங்களைப் பின்பற்றுவதால் அந்த ஆட்டம் நமக்கும் உண்டு: 2022-இல் அக்டோபர் 24, 2023-இல் நவம்பர் 12.

சூரியனைப் பற்றிய வழக்கு இவ்வளவே. திதி பற்றிய வழக்கு இதனினும் கூர்மையானது. அதனைச் சொல்லப் புகுங்கால், தமிழர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியும் அறியாதிருக்கும் ஒருவரை நினைவுகூர்தல் கடன். அவர் சிந்தாமணி இரகுநாதாசாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் தோன்றி, பல்கலைக்கழகப் பட்டம் எதுவுமின்றி, இளமையிலேயே சென்னை வான்நோக்கு நிலையத்தில் பணிக்குச் சேர்ந்து, போக்சன் துரையின் கீழ் முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1868 ஆகஸ்டு 18-இல் நேர்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண ஐதராபாத் சீமையிலுள்ள வனபர்த்திக்குச் சென்ற குழுவுக்கு அவரே தலைவர். 1872-இல் இலண்டன் இராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874-இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதை முன்னிட்டு, அதனைப் பொதுமக்களுக்கு விளக்கும் நூலைப் பல இந்திய மொழிகளில் வெளிவரச் செய்தார். 1880-இல் காலமானார்.

இரவெல்லாம் தொலைநோக்கியில் திங்களின் உண்மையான இடத்தைக் காண்பவர். பகலில் வீட்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டினால் அதில் திங்கள் வேறிடத்தில் இருக்கும்! மற்றொருவராயின் இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொண்டு வாழ்ந்திருப்பார். அவர் அவ்வாறு இருக்கவில்லை. கண்ணால் காண்பதோடு ஒத்துவரும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தைக் கணித்து வெளியிட்டார். அதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு இன்றும் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கங்கள் விற்பனையாவதே சான்று.

வாக்கியக் கணிதத்தை இழித்துப் பேசுவோரையும் நாம் ஏற்பதில்லை. 1825-இல் ஜான் வாரன் என்பவர் சென்னையில் வெளியிட்ட 'காலசங்கலித'த்தில் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் தாளும் மையும் இன்றி, மனப்பாடமாயிருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே தரையில் சோழிகளை வைத்தும் எடுத்தும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். (இந்த வாரன்தான் 1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்தபோது கோலாரில் தங்கமுண்டு என்பதைத் தேடிக் கண்டு எழுதியவர். கோலார் தங்கவயலுக்கு உறவுடைய நம் குடும்பங்கள் பல இச்செய்தியைச் சுவைப்பர்.)

இரண்டு பஞ்சாங்கமும் எங்கே வேறுபடுகின்றன? அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மிகக் குறைவு. அட்டமியை ஒட்டி மிக அதிகம். பழைய கணிதர் தம் வாய்பாடுகளைக் கிரகணத்தைக் கொண்டே சரிபார்த்தனர். கிரகணம் அமாவாசை, பௌர்ணமியில்தானே நேரும்? இடைப்பட்ட நாட்களில் சூரியனின் ஈர்ப்பால் திங்களின் நடையில் ஏற்படும் மாறுதல் அவர் கணக்கில் சேரவில்லை. வாக்கியப்படி ஒரு திதி அறுபது நாழிகையினின்று ஐந்து நாழிகை கூடும், ஆறு நாழிகை குறையும், அதற்குமேல் இல்லை. உண்மையில் திதியின் அளவு 50 நாழிகை முதல் 67 நாழிகை வரை மாறுகின்றது. ஆகவே அமாவாசையில் மறைந்த தந்தைக்குத் திதி கொடுப்பதில் உடன்பிறந்தார்க்குள் வழக்கு எழுவது அரிது. சப்தமியிலோ அட்டமியிலோ மறைந்தவருக்கு எழக்கூடும். மேலே குறிப்பிட்ட தமையன் தம்பி வழக்கின் வேர் இதுவே. ஒருவர் கையில் வாக்கியம், மற்றவர் கையில் திருக்கணிதம். எமது கருத்து: வானத்தோடு ஒத்துவருவது திருக்கணிதம் என்பதில் ஐயமில்லை, ஆயினும் ஒரு குடும்பத்தில் மூத்தவர் கொண்ட பஞ்சாங்கம் எதுவோ அதையே அனைவரும் கொள்ளுதல், கணக்கின் நுட்பத்தைவிட நன்று. இறந்த நாளின் திங்கள், பட்சம், திதி, ஆங்கிலத் தேதி ஆகியவற்றோடு எந்தப் பஞ்சாங்கப்படி என்பதையும் வீட்டுக் குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டால் பிள்ளைகளுக்குக் குழப்பம் இராது.

நாடு முழுமைக்கும் ஒரே கணக்கு வேண்டும் என்ற முயற்சியும் நடந்தது. 1952-இல் பேராசிரியர் மேகநாத சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு முப்பது வகை நாட்காட்டிகளை ஆராய்ந்து 1955-இல் அறிக்கை தந்தது. 1957 மார்ச் 22, சக ஆண்டு 1879 சைத்திரம் முதல் நாள் என்று தேசிய நாட்காட்டி தொடங்கிற்று. அதற்கு முந்திய ஆண்டே சாகா மறைந்துவிட்டார். சக ஆண்டோடு 78-ஐக் கூட்டி வருவது லீப் ஆண்டாயின் சைத்திரத்துக்கு 31 நாள், மற்றபடி 30. சமயத் திருநாட்களுக்கு அக்குழு சொன்ன வழி இன்னும் நுட்பமானது: மேடத்தின் தொடக்கத்தைச் சம பகலிரவுப் புள்ளியிலிருந்து 23 பாகை 15 கலையில் நிலைநிறுத்திவிட்டால், திருநாட்கள் இருந்த இடத்திலேயே நிற்கும், மேலும் நகரா. பழையதை விடாமல் நகர்வை மட்டும் நிறுத்தும் இத்திட்டம் நல்ல திட்டம் என்றே நமக்குப் படுகிறது. பஞ்சாங்கக்காரர் ஏற்கவில்லை. அரசிதழிலும் வானொலியிலும் சக ஆண்டு வழங்கியது; ஆனால் எம் மேசைக்கு வந்த ஆயிரக்கணக்கான மனுக்களில் சக ஆண்டுத் தேதியிட்ட மனு ஒன்றையும் நாம் கண்டதில்லை.

ரயில்வேக்காரர் நேரத்தைப் பற்றிப் பேசாமல் நிற்கமாட்டார் என்பர். 1905 முடியும்வரை இந்திய ரயில்கள் ஓடியது சென்னை வான்நோக்கு நிலையத்தின் நேரப்படி; 1906 ஜனவரி முதல் நாளில்தான் இந்தியப் பொதுநேரம் வந்தது. அந்த நிலையத்தின் பணி 1899-இல் கொடைக்கானலுக்குப் போயிற்று. அதன் வழிவந்த இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இப்போது நம் பெங்களூர்க் கோரமங்கலாவில் இருக்கின்றது. இரகுநாதாசாரியாரின் மரபு நாம் குடியேறிய ஊருக்கே நம்மைப்போல் குடியேறிவிட்டது எனலாம்.

மிகுநாள் எம் தொழிலிலும் நுழைவதுண்டு. மாதத்தின் முதல் தேதியில் பிறந்த ஊழியர் முந்திய மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுவர் என்பது விதி. 1964 மார்ச் 1-இல் பிறந்தவருக்கு அந்நாள் 2024 பிப்ரவரி 29. 1965 மார்ச் 1-இல் பிறந்தவருக்கு 2025 பிப்ரவரி 28. பிப்ரவரி 29-இல் பிறந்த குழந்தைக்கு நான்காண்டுக்கு ஒரு முறைதான் பிறந்தநாளா என்று பெற்றோர் வருந்துவதும் உண்டு. 2024-இல் அந்நாள் மாசி 17. மாசியும் பிறந்த விண்மீனும் ஆண்டுதோறும் வரும், பாயசத்துக்குத் தடையில்லை.

இறுதியாக, பெங்களூரில் இருப்போர்க்கு ஒரு குறிப்பு. ஊரிலிருந்து வரும் தாள் நாட்காட்டியில் அச்சிட்ட சூரிய உதயம் சென்னைக்கு உரியதாயின், அது இங்கே பொருந்தாது. இரண்டு நகரமும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருந்தாலும், பெங்களூர் 2⅔ பாகை மேற்கே இருப்பதால் இங்கே சூரியன் சுமார் 11 நிமிடம் பிந்தி எழுகின்றான். இராகு காலமும் நல்ல நேரமும் உதயத்திலிருந்து எண்ணப்படுபவை. அவற்றோடும் அந்தப் பதினொரு நிமிடத்தைச் சேர்த்துக்கொள்க. உதயத்தை ஒட்டி முடியும் திதியாயிருப்பின், ஒரே பஞ்சாங்கத்தை வைத்திருந்தும் சென்னையில் ஒரு திதியும் இங்கே மற்றொரு திதியும் ஆகக்கூடும். அந்நாட்களில் உள்ளூர் உதயத்தைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.